ஆலிவ் தொட்டியின் ஈரம்

கல்யாணத்துக்குக் கல்லூரித் தோழிகள் எனக்கு ஓர் ஆலிவ் மரம் கொடுத்தார்கள். தொட்டியோடு சேர்த்து என் இடுப்பு உயரம். பெங்களூரு நர்சரியில் வாங்கியதாம். வந்தவாசியிலிருந்து ஆரணிக்கு என் பெட்டிகளோடு அதுவும் வேனில் வந்தது. தாவரவியல் படித்தவள், வளர்த்துவிடுவாள் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமனார் வீட்டில் வெயில் விழும் ஜன்னல் தறிக்கூடத்தில்தான் இருந்தது. தொட்டியை அங்கே வைத்தோம்.

பக்கத்து வீட்டுத் திலகவதி அக்கா வந்து பார்த்துவிட்டு அத்தையிடம் கேட்டார். “இன்னாக்கா இது, இலையெல்லாம் சாம்பல் பூத்தாப்புல கீது? மருமவளோட வந்த செடி. வாட வுட்டுடாதீங்க.”

அக்கா விளையாட்டாகத்தான் சொன்னார், அத்தை சிரிக்கவில்லை. ஆலிவ் இலையின் நிறமே அதுதான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா போய்விட்டார். அன்றிலிருந்து ஒரே பயம். செடி பட்டுப்போனால் என்னைத்தான் சொல்வார்கள்.

ஒரு மாதத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. மண்ணில் விரலை விட்டேன். சொதசொதவென்றிருந்தது. தண்ணீரைக் குறைத்தேன். பிறகு நிறுத்தியே விட்டேன். ஈரம் போகவில்லை. அடித்துளையைக் குச்சியால் குத்திப் பார்த்தேன். அடைப்பு இல்லை. ஊற்றாத தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காய்ந்தால் பட்டு இழை அறுந்துவிடும் என்று வெயில் நாட்களில் தறியைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த ஈரத்தில் ஒரு தொட்டி இப்படி ஊறாது. படித்ததெல்லாம் சரிதானா என்றே சந்தேகம் வந்தது.

கணவரிடம் கேட்டேன். “நானா? நான் ஏன் ஊத்தப் போறேன்?” என்று ஹேமநாத் மொபைலைப் பார்த்தார்.

மறுநாள் மதியம் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தறிச்சத்தம் நின்றது. கதவிடுக்கில் பார்த்தேன். மாமா எழுந்து, தரையில் தண்ணீர் தெளித்து, சொம்பில் மிச்சமிருந்ததைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி மறுபடி தறியில் உட்கார்ந்தார். பின்கட்டுக்குப் போகிற சாக்கில் அத்தை அரிசி கழுவிய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் ஹேமநாத், பாட்டிலோடு. எல்லோரும் ஊற்றுமுன் என் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள்.

கோபப்படுவதா, சிரிப்பதா? நான் மறந்துவிட்டதாக நினைத்து, என் பெயர் கெடாமல் இருக்க, ஒருவருக்கொருவர் தெரியாமல் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மாமாவிடம் நானாக எதுவும் பேசியதில்லை. வெளியே வந்து தொட்டியைச் சாய்த்தேன். மண்கட்டியோடு வேர் வந்தது. பழுப்பாக, அழுகல் வாடையோடு.

“மாமா, இனிமே தண்ணி ஊத்தாதீங்க.”

தறி நின்றது. “காஞ்சா அறுந்துடும்மா,” என்றார், இழையைச் சொல்வது போல.

“இது காஞ்சாதான் பிழைக்கும்.”

“நான் ஒரு சொம்புதான ஊத்தினேன்.”

சத்தம் கேட்டு வந்த அத்தை அவரை முறைத்தார். “நான்தான் ஊத்திகினு கீறேனே, நீங்க வேற எதுக்கு?”

ஹேமநாத் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“இவன் ஒருத்தன் பேஜாரு. மறைக்கிறத ஜல்தியா மறைக்கத் தெரியுதா?” என்றார் அத்தை.

“அப்ப அதுக்கு நாங்க இன்னாதாம்மா பண்றது?” என்று மாமா கேட்டார்.

“ஒண்ணும் பண்ணக் கூடாது மாமா.”

“ஒண்ணும் பண்ணாம எப்டிம்மா பாத்துக்கிறது?”

நான் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன்.

அழுகிய வேர்களை வெட்டி, மணல் கலந்த மண்ணில் நட்டு, மொட்டைமாடியில் வைத்தோம். அப்போதும் இலை உதிர்ந்தது. வெட்டியது அதிகமோ, வெயில் அதிகமோ. மொபைலில் பார்த்த வீடியோக்களில் ஒருவர் சொன்னதற்கு நேர்மாறாக அடுத்தவர் சொன்னார்.

திலகவதி அக்கா மறுபடி கேட்டார். அத்தை சொன்னார்: “எங்க மருமவ பாத்துக்கிறா. வாடினாலும் ஏன் வாடுதுன்னு அவளுக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியாது என்பதை அத்தையிடம் சொல்லவில்லை.

மாமா தினமும் சொம்போடு மாடிக்கு வருவார். “இன்னிக்கி?” என்பார். “வேணாம் மாமா.” தண்ணீரைத் துளசிக்கு ஊற்றிவிட்டு இறங்கிவிடுவார்.

இன்று விரலை விட்டேன். விரல் எட்டியவரை காய்ந்திருந்தது. கிளை நுனியில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. துளிரா, காய்ந்த காம்பா?

“கொஞ்சம் ஊத்துங்க மாமா.”

“கொஞ்சம்னா எவ்ளோம்மா?”

எனக்கும் தெரியவில்லை. மாமா சொம்பைச் சாய்த்தார். தொட்டியைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார்.