காவலுக்கு வந்த தம்பி

வைத்திக்குப்பத்து அஞ்சலாட்சியின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு போட்டது ஆறு கடலில் சேரும் இடத்து அலையாத்திக் காடுதான். தண்ணீர் வற்றும் நேரத்தில் தோழி வசந்தாவோடும் குப்பத்துப் பெண்களோடும் சேற்றில் இறங்குவாள். கையாலேயே நண்டு பிடிப்பார்கள், கிளிஞ்சல் பொறுக்குவார்கள். சினை நண்டு அகப்பட்டால் விட்டுவிடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் அந்தக் காட்டைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். காவலுக்கு உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. அஞ்சலாட்சியின் தம்பி கன்னியப்பன் மில் வேலை போய்ச் சும்மா இருந்தான். அம்மா செத்த பிறகு அவள் தூக்கி வளர்த்தவன். லாஸ்பேட்டையில் வனத்துறை அதிகாரியைப் பார்த்து, அங்கிருக்கும் ஒவ்வொரு ஓடையும் அவனுக்குத் தெரியும் என்று அவள்தான் எடுத்துச் சொன்னாள். வேலை கிடைத்தது.

காக்கிச்சட்டை போட்ட கையோடு அவன் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினான். மழைக்காலத்தில் நண்டு பெருகட்டும், தை பிறந்ததும் பழையபடி வரலாம், மேலே பேசிவிட்டேன் என்றான். வசந்தா தயங்கினாள்.

"என் தம்பி சொன்னா சொன்னதுதான்" என்றாள் அஞ்சலாட்சி.

அந்த மழைக்காலம் முழுக்கப் பெண்கள் கட்டட வேலையில் செங்கல் சுமந்தார்கள். காட்டுப் பக்கம் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை.

தையில் போனபோது கரையெல்லாம் பள்ளமாகக் கிடந்தது. மண்வெட்டி போட்டுக் கிளிஞ்சலை அடியோடு வாரியிருந்தார்கள். மரங்கள் இருந்த இடத்தில் அடிக்கட்டைகள் நின்றன. ஈர மண்ணில் லாரிச் சக்கரத் தடம். கன்னியப்பன் எதிரே வந்து, உள்ளே வரக்கூடாது என்றான்.

"யாருடா இத வாரினது?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெண்களை எதற்காகக் காட்டுப் பக்கம் வராமல் நிறுத்தினான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. லாரிக்காரர்களை அவன் உள்ளே விட்டதைப் பார்க்கக் கண்கள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வசந்தா அஞ்சலாட்சியிடம் திரும்பி, "ஒன்ன நம்பித்தானே கெடந்தோம்" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள்.

அஞ்சலாட்சி மறுநாளே லாஸ்பேட்டைக்குப் போய் நடந்ததை அதிகாரியிடம் சொன்னாள். அவர் வந்து பார்த்தபோது, மரம் வெட்டியதெல்லாம் என் அக்காவும் அவள் கூட்டமும்தான் என்று கன்னியப்பன் கூசாமல் சொன்னான். சக்கரத் தடத்தைப் பார்த்த அதிகாரி அவன் பேச்சை நம்பவில்லை. லாரிகள் நின்றன, அவன் வேலை போயிற்று. ஆனால் அதோடு, இனி யாருமே உள்ளே இறங்கக் கூடாது என்றும் ஆகிவிட்டது. அஞ்சலாட்சியின் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் வசந்தா இன்னொரு குழாயடியில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினாள்.

சில நாள் கழித்துக் கன்னியப்பன் அஞ்சலாட்சியின் வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது.

"கூடப் பொறந்தவ நீயே காட்டிக் குடுத்துட்டியேக்கா."

அவள் உள்ளே போனாள். தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"சாப்ட்டுட்டுப் போ" என்றாள். "இனிமே இங்க வராத."

அவன் சாப்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் எழுந்து போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.