பெரிய துரைக்கு வரையாத மாலை

படத்தை ஏற்றிக்கொண்டு போக நாலு மணிக்கு லாரி வந்துவிடும். பங்களாவின் கார் கொட்டகையில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பெரிய பலகையைப் பொன்னையா இரண்டு அடி பின்னால் நகர்ந்து பார்த்தான். ஆறு பந்தயக் கார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை ஓட்டிய துரை. துரைமார் கிளப்பின் கூடத்தில் மாட்டப்போகிற படம். இருபத்து மூன்று நாள் வேலை.

இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் தொழிற்சாலையான ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளின் மேல் தோட்டத்து மார்க் அடிக்கிறவன் அவன். மாரியம்மன் திருவிழாவுக்குச் சிங்க வாகனத்துக்கு வண்ணம் பூசுகிறவனும் அவன்தான். அந்தச் சிங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் தோட்டத்து மேனேஜரான பெரிய துரை ஆறு போட்டோக்களை அவன் கையில் கொடுத்தார். "போட்டோ எப்படி, படம் அப்படி. தப்பு வரக்கூடாது," என்றார்.

தப்பு வந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் மாயாண்டி பன்னிரண்டு பெட்டிகளில் மார்க்கைத் தலைகீழாக அடித்துவிட்டான். மறுநாளே அவனுக்குக் கணக்குத் தீர்த்துப் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு, கோழிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மழையில் அவன் இறங்கிப் போனதை தொழிலாளர் லயம் முழுக்க நின்று பார்த்தது. இந்த நாட்டுப் பிரஜை என்று சொல்லிக்கொள்ளக் கையில் ஒரு காகிதமும் இல்லாதவனை வேறு எந்தத் தோட்டத்தில் சேர்ப்பார்கள்?

"என்ன பொன்னையா, படம் முடிஞ்சுதா?"

எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற மெக்கானிக் நூர்தீன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அடுத்த வாரப் பந்தயத்துக்குப் பெரிய துரையின் பச்சைக் காரைச் சரிபார்க்க ஹட்டனிலிருந்து வந்திருந்தான்.

"முடிஞ்ச மாதிரிதான் நானா. பாத்துச் சொல்லுங்க."

"அடேயப்பா! இந்தக் காரு எனக்கே ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஒன் படத்துல இருக்குறது நல்லா ஓடும் போலயே!" என்று சிரித்த நூர்தீன், பெரிய துரையின் உருவத்துக்கு முன்னால் வந்ததும் நின்றான். போட்டோவை எடுத்துப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான். "மாலை எங்க?"

போட்டோவில் துரையின் தோளைச் சுற்றி ஒரு பெரிய இலை வளையம் கிடந்தது. படத்தில் அந்த இடத்தில் வெறும் வெள்ளைச் சட்டைதான்.

"அது சாவு வளையம்ல நானா. உசுரோட இருக்குறவருக்கு அத எப்படிப் போடுறது? அதான் விட்டுட்டேன்."

"சாவு வளையமா! யாரு சொன்னது ஒனக்கு? போன சித்திரைப் பந்தயத்துல காலையில துரை ஜெயிச்சாருல்ல, அதுக்குப் போட்ட மாலை அது. நான் பக்கத்துலயே நின்னேன். அந்த மாலைக்காகத்தான்பா இந்தப் படமே!"

பொன்னையா போட்டோவை வாங்கி மறுபடியும் பார்த்தான். பெயின்ட் டின்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அதே பந்தய நாளின் மத்தியானம், பெரிய துரைக்குக் கீழே வேலை பார்த்த சின்ன துரையின் சிவப்புக் கார் மூன்றாம் வளைவில் பள்ளத்தில் விழுந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை அடக்கம். பள்ளிவாசல் தொழுகைக்குப் போயிருந்த நூர்தீன் அதற்கு வரவில்லை. பொன்னையா போயிருந்தான். சவப்பெட்டியைச் சுமந்த நாலு பேரில் அவன் ஒருவன். கேட்டு வாங்கிய சுமை அது. அவன் மகள் அழகம்மா காய்ச்சலில் கண் செருகிக் கிடந்த ஒரு நாள், லயத்துப் பாதையில் வந்த சின்ன துரை ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையையும் தாயையும் அந்தச் சிவப்புக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். அந்தப் புதைகுழியின் மேல், சிவப்பு மண்ணில், மஞ்சள் ரிப்பன் கட்டிய இந்த இலை வளையத்தைத்தான் அவன் பார்த்தான். ரிப்பனின் முடிச்சுகூட அதேதான். போட்டோவில் அதைக் கண்டபோது அவன் நெஞ்சு திக்கென்றது. வெள்ளைக்காரர் வழக்கம் நமக்கென்ன தெரியும் என்று தேற்றிக்கொண்டு, அதை மட்டும் விட்டுவிட்டு வரைந்தான்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சட்டுனு போட்டுடு," என்று சொல்லிவிட்டு நூர்தீன் காருக்கு அடியில் புகுந்தான்.

சோற்றுத் தூக்கோடு வந்த பொன்னையாவின் பெண்டாட்டி நாகலெட்சுமி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"போட்டுடுங்களேன்," என்றாள் மெதுவாக. "நாலு இலைதானே."

"சின்ன தொரை குழி மேல அது கெடந்தத நான் பாத்தேன் புள்ள. அடுத்த வாரம் பெரிய தொரையும் அந்த வளைவுலதான் போகணும். என் கையால எப்படி?"

"பத்துச்சீட்டக் குடுத்துட்டாங்கன்னா அழகம்மாவத் தூக்கிக்கிட்டு எங்க போவோம்?"

அவள் சிவப்புக் காரின் படத்தைப் பார்த்தாள். பிறகு தூக்கை வைத்துவிட்டு லயத்துப் பக்கம் நடந்தாள். மூட்டை கட்டத்தான் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

பொன்னையா பச்சையைக் குழைத்தான். தூரிகையைத் துரையின் கழுத்தருகே கொண்டுபோனான். மாரியாத்தா என்று கண்ணை மூடினால் சிவப்பு மண் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் மாயாண்டியின் கோழிக்கூடை தெரிந்தது. மூன்று முறை தூரிகையை எடுத்து மூன்று முறையும் கீழே வைத்தான். வெளியே பனிமூட்டம் இறங்கிக் கொட்டகை வாசலை மூடியது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து பூட்ஸ் சத்தம் வந்தது.

பெரிய துரை உள்ளே வந்து படத்தின் முன்னால் நின்றார். ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டே போனார். தன் உருவத்திடம் வந்ததும் முகம் சிவந்தது.

"மாலை எங்கே மேன்?"

பொன்னையா எழுந்து நின்றான். காருக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது.

"உன்கிட்ட என்ன சொன்னேன்? போட்டோ எப்படி, படம் அப்படி! ஏன் போடலை? சொல்லு!"

மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் அந்த மாலையை வரைய வேண்டியிருக்கும். பொன்னையா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டான்.

"தொரை, அது சின்ன தொரை குழி மேல கெடந்த வளையங்க. நான் அவரைத் தூக்கிக்கிட்டுப் போனவன், கண்ணால பாத்தேனுங்க. தொரை நல்லா இருக்கணும். தொரை கழுத்துல அத மாட்ட என் கைக்கு மனசு வரலீங்க. என்னத் தோட்டத்த விட்டு அனுப்புனாலும் சரிங்க."

துரை கையை ஓங்குவார் என்று தலையைக் குனிந்துகொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. கூரைத் தகரத்திலிருந்து பனி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

துரை பேசினார். குரல் தாழ்ந்திருந்தது. "அதை அவன் குழி மேலே நான்தான் வச்சேன். எல்லாரும் போன பிறகு. யாரும் பார்க்கலைன்னு நினைச்சேன்."

"குழி மூடுன மம்பட்டிய எடுக்கத் திரும்பி வந்தேனுங்க."

துரை தொப்பியைக் கழற்றினார். சிவப்புக் காரின் அருகே சிரித்துக்கொண்டு நின்ற இளம் முகத்தையே பார்த்தார். பிறகு விரலால் அதைக் காட்டினார்.

"அது அவனுடைய மாலை. அங்கே போடு."

பொன்னையா சிவப்புக் காரின் முன்னால், சக்கரத்தில் சாய்ந்திருப்பதுபோல வளையத்தை வரைந்தான். இலை இலையாக வைத்து, மஞ்சள் ரிப்பனையும் முடிந்தான். பனியில் வெளிச்சம் குறைந்தபோது பெரிய துரை அரிக்கன் லாம்பைத் தாமே எடுத்து அவன் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். துரை திரும்பிப் பார்க்கவில்லை.

பொன்னையா லயத்துக்குப் போனபோது நாகலெட்சுமி தங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் அழகம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"லாம்பு புடிச்சாரு புள்ள," என்றான் அவன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, உள்ளேயிருந்து சோற்றுப் பானையை வெளியே எடுத்தாள்.