பாவாயி கேட்ட வில்

மலைமேல் வளப்பூர் நாட்டில் செங்கோடன் செய்த வில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அது ஒரு காலம். பன்றி வேட்டையில் அவன் விட்ட அம்பு பெரியப்பன் மகன் அர்த்தனாரியின் நெஞ்சில் பாய்ந்து உயிரைப் பறித்த பிறகு ஏழு வருடமாகச் செங்கோடன் வில்லைத் தொடவில்லை. மூடுபனியில் புதர் அசைந்தது, பன்றி என்று நினைத்துவிட்டேன் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னான். ஊர் நம்பியது. சாமிக்கு ஒரு கிடாய் வெட்டச் சொல்லி அத்துடன் விட்டார்கள்.

செங்கோடனை அது விடவில்லை. பனி இறங்கும் காலைகளில் வாசலுக்கு எதிரே பலாமரத்தடியில் அர்த்தனாரி நிற்பான். முறைக்க மாட்டான். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவன்போல நிற்பான். மனைவி பொன்னம்மாளிடம்கூட இதைச் செங்கோடன் சொன்னதில்லை.

1938இல், சாமை கதிர் பிடிக்கும் சமயத்தில், அர்த்தனாரியின் மனைவி பாவாயி அவன் வாசலுக்கு வந்தாள். அந்த ஏழு வருடத்தில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"பன்னி சாமைக் காட்டுல பாதியை மேஞ்சிருச்சு செங்கோடா. எனக்கு ஒரு வில்லு வேணும்."

"நான் இப்ப செய்யறதில்லீங்க அண்ணி. வேற யார்கிட்டயாச்சும் கேளுங்க."

"கேட்டேன். பொம்பளைக்கு எதுக்கு வில்லுன்னு சிரிக்கறாங்க. நீ சிரிக்க மாட்டே."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை.

அடுப்புக்கு மேலே பரணில் வில்லுக்கு ஆகும் தடசு மரக்கட்டை ஒன்று ஏழு வருடமாகப் புகை குடித்துக் கிடந்தது. அதை எறிய அவனுக்கு மனம் வந்ததில்லை. மறுநாள் அதை இறக்கி, வாசலில் உட்கார்ந்து கத்தியால் சீவ ஆரம்பித்தான். முதல் சுருள் கீழே விழுந்தபோது நிமிர்ந்தான். அர்த்தனாரி பலாமரத்தடியில் இல்லை. வேலிக்கு வந்திருந்தான்.

இரண்டாம் நாள் கட்டை வில்லின் உருவத்துக்கு வந்தது. நடுவில் பிடிக்குக் கனம் விட்டு, இரு முனைகளையும் இளைத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டினான். அர்த்தனாரி வேலியைத் தாண்டி முற்றத்தில் நின்றான். மூன்றாம் நாள் மருள் செடியின் நாரை முறுக்கி நாண் திரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ உட்காரும் அரவம் கேட்டது. செங்கோடன் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும், ஓட்டை வழியே காற்று போவதுபோல மெல்லிய சீழ்க்கை. ஆனாலும் முறுக்கி முடித்தான்.

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிக் கொல்லனிடம் ஆறு இரும்பு முனைகள் வாங்கி வந்தான். மெல்லிய மூங்கில் குச்சிகளைத் தணலில் வாட்டி நேராக்கி, முனைகளைச் செருகி, வாலில் இறகு கட்டினான். பிறகு பாவாயிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினான்.

அவள் வந்து வில்லை வாங்கி நாணை இழுத்தாள். பாதிகூட வரவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு வில்லைத் தரையில் ஊன்றி அதன் உயரத்தைப் பார்த்தாள். பிடியைத் தடவினாள்.

"இது என் கைக்கு செஞ்சதில்லை. அவரு கைக்கு செஞ்சிருக்கே."

செங்கோடன் வில்லைப் பார்த்தான். உண்மைதான். நீளம், கனம், பிடியின் பருமன், எல்லாம் அர்த்தனாரிக்கு அவன் முன்பு செய்து கொடுத்த அளவு. எந்த இடத்திலும் அவன் அதை யோசித்துச் செய்யவில்லை.

"அண்ணன் வந்து பக்கத்துல உக்காந்திருந்தாருங்க" என்றான்.

பாவாயி வில்லைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனைப் பார்த்தாள். அதன்பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை.

"அன்னைக்கு அம்பு கையை விட்டுப் போறதுக்கு முந்தியே அவரு கொரல் கேட்டுதுங்க அண்ணி. 'செங்கோடா'ன்னு கூப்பிட்டாரு. வெரலை நிறுத்தியிருக்க முடியுமான்னு எனக்கே தெரியலீங்க. கூட்டத்துல, கொரலே கேக்கலைன்னு பொய் சொல்லிட்டேன்."

அடுப்படியில் பொன்னம்மாள் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"காட்டுல பத்தடிக்கு ஒருதரம் கொரல் குடுத்துக்கிட்டே போற மனுசன்" என்றாள் பாவாயி. "அன்னைக்கு மட்டும் எப்படிக் கூப்பிடாம இருந்தாருன்னுதான் ஏழு வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் அழுவாள், சபிப்பாள் என்று எதிர்பார்த்துச் செங்கோடன் தலை குனிந்திருந்தான். அவள் இடது கையை அவன் முன்னே நீட்டினாள்.

"உன்னை மன்னிக்க எனக்கு வாய் வரலை. காட்டுல பன்னி நிக்குது. இந்தக் கைக்கு அளவெடு."

ஒரு நார்க்கயிற்றை அவள் தோளிலிருந்து விரல்வரை பிடித்து அளந்தான். அன்று மாலைக்குள் வில்லைக் குறுக்கி, இளைத்து, புது நாண் ஏற்றிக் கொடுத்தான். அவள் காதுவரை இழுத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து பாவாயியின் அம்புக்கு ஒரு பன்றி விழுந்தது. வில் செய்தவனுக்கு உரிய கறிப் பங்கை மந்தாரை இலையில் பொதிந்து அவளே கொண்டுவந்து பொன்னம்மாளிடம் கொடுத்தாள். அவள் திரும்பும்போது செங்கோடன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணன் அங்க வாராருங்களா?"

"காவலுக்கு உக்காந்தா பக்கத்துல மூச்சு கேக்குது" என்றாள் பாவாயி. "எனக்குப் பயமில்லை."

அவள் பனிக்குள் இறங்கிப் போவதைச் செங்கோடன் பார்த்துக்கொண்டிருந்தான். பலாமரத்தடி பத்து நாளாக வெறுமையாகத்தான் இருந்தது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தான். ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் அவன் கண் அங்கேதான் போயிற்று, யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் நெடுநேரம் அங்கேயே நின்றது.