மேவிஸ் கிள்ளிய முளைகள்

மேவிஸ் ராம்ஸ்டன் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் உருளைக்கிழங்கு உரித்தவள். அவள் உரித்த தோலை ஒன்றோடொன்று முடிந்திருந்தால் இங்கிலாந்தில் அவள் ஊரான ஹாலிஃபாக்ஸிலிருந்து நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் கிழங்கு மண்ணில் எப்படி வளர்கிறது என்பதை மட்டும் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே, நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டத்தில் ஒரு துண்டு கேட்டு எழுதிப் போட்டாள். ஆறு வருஷம் காத்திருந்த பிறகு பதினேழாம் எண் துண்டு கிடைத்தது.

அதைத் தோட்டம் என்றால் மற்றத் தோட்டங்கள் கோபித்துக்கொள்ளும். காஞ்சொறிச் செடி அவள் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. ஒரு சின்னப் பட்டாளத்தை அதற்குள் ஒளித்து வைத்தால் போர் முடிகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

தோட்டக் குழுவின் செயலாளர் சட்க்ளிஃப் சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். "முதல் வருஷம் சோதனை வருஷம்மா. மே மாசம் ரெண்டாவது சனிக்கிழமை குழு சுத்தி வரும். முக்கால் பங்கு நெலத்துல பயிர் பச்சையா நிக்கணும். இல்லேன்னா துண்டு அடுத்த ஆளுக்கு. நாப்பத்தி மூணு பேர் வரிசையில நிக்கிறாங்க."

"நான் ஆறு வருஷம் நின்னேன். அவங்களும் நிக்கட்டும்," என்று மேவிஸ் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

பதினாறாம் எண்காரர் ஹோரஸ் கிரீன்வுட், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பாத்திகளைப் பார்த்தால் அளவுகோலே வெட்கப்படும். வேலியில் சாய்ந்துகொண்டு அடுத்தவர் குனிவதைப் பார்ப்பதுதான் அவருக்கு உடற்பயிற்சி.

"புது நெலத்துக்கு உருளையைப் போடு கண்ணு. அது நெலத்தைச் சுத்தம் பண்ணிடும்."

ஒரு மாதம் கழித்து, கடைசிக் காஞ்சொறி வேரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள் மேவிஸ். "இப்ப நெலத்தைச் சுத்தம் பண்ணது கிழங்கா, என் இடுப்பா?"

"கிழங்குக்குத்தானே பண்ணே. அப்ப அதுதான் பண்ணுச்சு."

விதைக்கிழங்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். முட்டை அட்டையில் ஒவ்வொன்றாக நிறுத்தி, வெளிச்சமான ஜன்னலோரம் வை, பெரிய வெள்ளியன்று கொண்டுவா என்றார். அந்தத் தோட்டத்தில் எல்லோரும் பெரிய வெள்ளியன்றுதான் கிழங்கு ஊன்றுவார்கள். எதற்காக ஜன்னலோரம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம் மேவிஸ் அட்டைகளைப் பார்த்தாள். இருநூற்று நாற்பது கிழங்கிலும் ஊதாநிறத்தில் கட்டைகட்டையாக முளை. சமையலறையில் முளைவிட்ட கிழங்கு வந்தால் முதல் வேலை முளையைக் கிள்ளி எறிவது. முப்பத்தோரு வருஷப் பழக்கம். கை மூளையைக் கேட்கவில்லை. வானொலியில் செய்தி முடிவதற்குள் ஒரு முளை பாக்கியில்லை. கழுவித் துடைத்து, கூடையில் அடுக்கி, வெள்ளைத்துணி போட்டு மூடினாள்.

மறுநாள் துணியை விலக்கிப் பார்த்த ஹோரஸ், பக்கத்தில் கவிழ்ந்திருந்த வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"மேவிஸ், முளை எங்க?"

"கிள்ளிட்டேன். கெட்டுப்போன கிழங்கை என் தலையில கட்டிட்டீங்க."

"அந்த முளைக்காகத்தான் கண்ணு ரெண்டு மாசம் ஜன்னல்ல வெச்சோம்."

டீ நேரத்துக்குள் எண்பது துண்டுக்காரர்களுக்கும் சேதி போய்விட்டது. இருமலோடு படுத்திருந்தவர்கூட எழுந்து வந்து கூடையைப் பார்த்துவிட்டுப் போனார்.

மேவிஸ் முகம் சிவந்துதான் இருந்தது. "திரும்ப முளைக்குமா, முளைக்காதா?"

"முளைக்கும். ஆனா சட்க்ளிஃப் வர்றதுக்குள்ள வெளிய வராது. பேசாம மசிச்சுச் சாப்பிடு."

"முளைக்கும்ல? அப்ப தள்ளுங்க."

இருநூற்று நாற்பதையும் அன்றைக்கே ஊன்றினாள். இருட்டுவதற்கு முன் கடைசிக் குழியை மூடியபோது அவளால் நேராக நிற்க முடியவில்லை. கேள்விக்குறி மாதிரியே வீட்டுக்கு நடந்து போனாள்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. ஹோரஸின் செடிகள் முழங்கால் உயரம். மேவிஸின் பாத்திகளில் மண்தான் இருந்தது.

"பச்சையா ஒண்ணும் இல்லையேம்மா," என்றார் சட்க்ளிஃப்.

"உள்ள இருக்கு."

"உள்ள இருக்கறதை நான் எழுத முடியாது."

"சரி, ஒரு களையைக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. இப்பவே சாவியைக் குடுத்துட்டுப் போறேன்."

சட்க்ளிஃப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு துண்டை இரண்டு முறை சுற்றினார். ஒரு புல் கிடைக்கவில்லை. "ரெண்டு வாரம். இருபத்தெட்டாம் தேதியும் மண்ணுதான் தெரியுதுன்னா சாவியை வாங்கிடுவேன்."

அந்த இரண்டு வாரமும் அவள் தினமும் வந்தாள். காற்றில் பறந்து வந்த விதை தரையில் உட்காருவதற்குள் பொறுக்கினாள். "கிழங்குக்குக் கதை சொல்றியா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "பக்கத்துத் துண்டுக்காரன் கதைதான் சொல்றேன். அதான் பயந்துகிட்டு வெளிய வரமாட்டேங்குது."

இருபத்துநாலாம் தேதி விடியும்போது, மே மாதம் என்பதையே மறந்து, மலைமேலிருந்து உறைபனி இறங்கியது. காலையில் மேவிஸ் வந்து பார்த்தாள். மற்ற எழுபத்தொன்பது துண்டிலும் உருளைச் செடிகள், வடிகட்டிப் போட்ட டீத்தூள் மாதிரி கருகிக் கிடந்தன. ஹோரஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி. அவள் துண்டில் பனி கருக்குவதற்கு ஒன்றுமே இல்லை.

வெள்ளிக்கிழமை மண் அங்கங்கே வெடித்தது. சனிக்கிழமை காலை பாத்திக்குப் பாத்தி பச்சைக் குருத்து, சுண்டுவிரல் உயரம். அந்த மலைச்சரிவிலேயே பச்சையாக நின்ற உருளை அது ஒன்றுதான்.

சட்க்ளிஃப் நோட்டைத் திறந்தார். அவருடைய சொந்தத் துண்டும் கருகித்தான் கிடந்தது.

"ஐயா, பச்சை தெரியாத துண்டையெல்லாம் வாங்கிடுவீங்களா?" என்று மேவிஸ் பணிவாகக் கேட்டாள். "வரிசையில நாப்பத்தி மூணு பேர் நிக்கிறாங்களே."

"அது சோதனை வருஷத்து ஆளுக்கு மட்டும்தான்," என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, அவள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.

ஹோரஸ் அவளுடைய பச்சைக் குருத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய நாளிலிருந்து அவர் வேலியில் சாயாமல் நின்றது அதுதான் முதல் தடவை. "துளிர்த்துடும்," என்றாள் மேவிஸ், அவருடைய செடிகளைப் பார்த்து. "உள்ள இருக்கும்."

துளிர்க்கவும் செய்தன. ஆனால் ஜூலையில் முதல் கிழங்கு எடுத்தவள் அவள்தான். கொட்டகை அடுப்பில் தோலோடு வேகவைத்து, புதினாவும் வெண்ணெயும் போட்டு வேலிக்கு மேலே ஒரு தட்டை நீட்டினாள். ஹோரஸ் தட்டைத் துடைத்துத் தின்றுவிட்டு, உப்பு கொஞ்சம் கம்மி என்றார்.

அடுத்த மார்ச்சில் மண்வெட்டி இரவல் கேட்க அவருடைய கொட்டகைக்குப் போனாள். ஜன்னலோரம் வரிசையாக முட்டை அட்டைகள். எல்லாவற்றிலும் முளை கொழுத்து நின்றது. மூலையில், செய்தித்தாளால் மூடிய ஒரு அட்டையில் மட்டும் பன்னிரண்டு கிழங்கு, ஒரு முளை இல்லாமல், சுத்தமாகக் கழுவித் துடைத்து வைத்திருந்தது.

மேவிஸ் செய்தித்தாளைப் பழையபடி மூடிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.