நான் காவல் இருந்த பெட்டி

இலங்கையில் மன்னார், சாவகச்சேரி, பதுளை என்று முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவன் நான். என் கையால் போன பொதி ஒன்றின் நூல்கூட அவிழ்ந்து போய்ச் சேர்ந்ததில்லை. ஓய்வு பெற்றுச் சிட்னிக்கு வந்து, டூங்கபியில் மகள் ராஜகுமாரி வீட்டில் இருந்த காலத்திலும் அந்தப் பெயர் என்னோடு வந்திருந்தது. அப்போது இங்கே எங்கள் ஆட்கள் கொஞ்சப்பேர்தான். யாராவது விமானம் ஏறுகிறார்கள் என்றால் எல்லோரும் பொதியோடு வந்துவிடுவார்கள். நான் ஏறுகிறேன் என்றால் இரண்டு மடங்கு.

எழுபத்தேழாம் ஆண்டு ஜனவரியில், சிங்கப்பூரில் என் தம்பி தேவராஜாவின் மகளுக்குக் கல்யாணம். எனக்கு ஏழு பொதிகள் சேர்ந்தன. அருமைநாதன் தன் தமக்கை மனோரமாவுக்கென்று ஒன்றைத் துணியில் சுற்றித் தைத்தே கொண்டுவந்தார்.

"ஏன் காணும் இவ்வளவு தையல்?" என்றேன்.

"உங்களுக்காக இல்லை ஐயா, எறும்புக்காக. போஸ்ட்மாஸ்டர் ஐயாட்டைக் குடுத்தா அதுவே முத்திரை குத்தினதுக்குச் சமன்."

எட்டாவதாக ஒரு பெட்டியைத் தந்தவர் என் மருமகன் தனபாலன். பழுப்பு நிறம், பூட்டுப் போட்டது. பயணத்தன்று காலையில்தான் காரில் ஏற்றினார்.

"கூட்டாளி ஒருத்தன்ர கல்யாணச் சாமான், மாமா. எயார்போட்டில சிறி எண்டு ஒரு ஆள் வந்து வாங்குவார். கண்ணாடிச் சாமானும் கிடக்கு. குலுக்காமக் கொண்டு போங்கோ."

என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மாஸ்கொட் விமான நிலையத்தில் என்னையும், வழியனுப்ப வந்த மகளையும் இறக்கிவிட்டு, அவர் அப்படியே மெல்பேர்னுக்குக் காரை விட்டார். அங்கே டண்டினொங்கில் வேலை அலுவலாம். உள்ளே போனால், எண்ணெய் நிரப்புகிறவர்கள் வேலைநிறுத்தம். நாளைக் காலைக்கு முன் விமானம் இல்லை. சாமான்களை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம் என்றாள் கவுண்டரில் நின்ற பெண். பிறர் பொருளை அநாதையாக விட்டுப் போகிறவனா நான்? டாக்சி பிடித்து எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று நூறு பாகைக்கு மேல் வெயில். பலகைச் சுவர் வீடு அடுப்பாக இருந்தது. பெட்டியைக் கூடத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணிபோல் ராஜகுமாரி குசினியிலிருந்து வந்தாள்.

"அப்பா, பெட்டிக்குள்ள ஏதோ சுரண்டுது."

"கல்யாணச் சாமான், பிள்ளை."

"சாமான் சுரண்டுமோ?"

அவள் குனிந்து காதை வைத்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. போய் ஒரு கத்தியோடு வந்தாள்.

"பூட்டை நெம்பிப் பாப்பம்."

"உன்ர புருஷன் பூட்டின பெட்டி. அதை நான் உடைச்சா, அவரைக் கள்ளன் எண்டு ஊருக்குச் சொன்ன மாதிரி. கத்தியைக் கொண்டுபோய் வை."

"உசிரா ஏதும் இருந்தா?"

"வை எண்டு சொன்னனான்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினால் பொய். இந்த நாட்டுக் கிளிகளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது, அதனால்தான் பெட்டிகளில் ஒளித்துக் கொண்டுபோகிறார்கள் என்று பத்திரிகையில் வாசித்திருந்தேன். நவம்பரிலிருந்து தனபாலனின் கராஜ் பூட்டியே கிடந்ததையும், பின்வளவில் தினை உமி சிந்திக் கிடந்ததையும் பார்த்திருந்தேன். பெட்டியைத் திறந்தால் அதையெல்லாம் தெரிந்துகொண்டவனாகிவிடுவேன். என் வீட்டு மாப்பிள்ளை கடத்தல்காரன் என்றாகும். திறக்காதவரை அது ஒரு பெட்டி.

மூன்று மணிக்குச் சுரண்டல் கூடியது. ஒரு தடவை கீச்சென்று ஒரு சத்தம். நான்கு மணிக்குக் குறைந்தது. ஐந்துக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏழரை மணிக்கு, வெளிச்சம் இன்னும் போகவில்லை, தொலைபேசி அடித்தது. எடுத்தேன். வெளியூர் அழைப்பின் பிப் ஒலி. பிறகு தனபாலன்.

"மாமாவோ? நீங்கள் இன்னும் போகேல்லையோ?"

"ஸ்ட்ரைக். நாளைக்குத்தான்."

"பெட்டி எங்க?"

"என்ர பக்கத்தில. ஒருத்தரையும் தொட விடேல்லை."

"ஐயோ மாமா! திறவுங்கோ! பூட்டை உடையுங்கோ! மயக்க மருந்து மத்தியானத்தோட முறிஞ்சிருக்கும்."

"என்ன மருந்து?"

"முதல்ல திறவுங்கோ!"

உள்ளே மேலாக இரண்டு சேலை. கீழே பன்னிரண்டு பிளாஸ்டிக் குழாய்கள், தண்ணீர்க் குழாயை முழ நீளத்துக்கு வெட்டியவை. ஒவ்வொன்றுக்குள்ளும் பெண்களின் நைலோன் காலுறை; காலுறைக்குள் ஒரு கொக்கட்டூக் கிளி. இளஞ்சிவப்பு மார்பு, சாம்பல் முதுகு. அலகைச் சுற்றி நாடா ஒட்டியிருந்தது. ஒன்றில் நாடா கிழிந்திருந்தது. காலுறையையும் கடித்து, குழாயின் விளிம்பையும் கடித்திருந்தது. அதன் நாக்கு கறுத்து வெளியே கிடந்தது.

பதினொன்று விறைத்துப்போயிருந்தன. பன்னிரண்டாவது கண்ணைத் திறந்து பார்த்தது. ராஜகுமாரி பஞ்சில் தண்ணீர் நனைத்து அலகில் பிழிந்தாள். இரண்டாவது பிழிதலில் அவள் உள்ளங்கையிலேயே அது தலையைச் சாய்த்துவிட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தொலைபேசி தொங்கிக்கொண்டே பேசியது. நான் எடுத்தேன்.

"எல்லாம் செத்துப்போச்சு."

"எல்லாமோ? எட்டு மணித்தியாலம் பக்கத்திலயே இருந்திருக்கிறியள், மாமா!"

"நீர் என்ர கையில ஏன் தந்தனீர்?"

"உங்கட கோட்டு, நெத்தியில திருநீறு... ஒருத்தரும் செக் பண்ணமாட்டாங்கள். நீங்களும் திறந்து பாக்கமாட்டியள். வேற ஆரிட்டைக் குடுக்கிறது?" குரல் தணிந்தது. "தாட்டுப்போட்டு நாளைக்கு மற்றச் சாமானோட போங்கோ. கல்யாண வீட்டில ஒண்டும் கதைக்காதேங்கோ. எங்கட பெயர்தான் கெடும்."

மத்தியானம் மகளிடம் நான் சொன்ன நியாயத்தையே எனக்குத் திருப்பித் தந்தார்.

உடை காயப்போடும் கம்பிக்குக் கீழே குழி வெட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே கை காட்டினார். நானும் கை காட்டினேன். பொலிசுக்கு நான் போகவில்லை. போயிருந்தால் ராஜகுமாரியையும் அல்லவா குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருப்பார்கள் என்று அன்று சொல்லிக்கொண்டேன். இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

கை கழுவிவிட்டு வந்து, மற்ற ஏழு பொதிகளையும் மேசையில் வைத்தேன். கத்தியை எடுத்தேன்.

"என்ன செய்யிறீங்கள், அப்பா?"

ஒவ்வொன்றாக அறுத்தேன். சொக்லேட், பால்மா, குழந்தைச் சட்டை, ஒரு கம்பளி. எதிலும் ஒன்றும் இல்லை. அருமைநாதனின் துணியைத் திருப்பித் தைக்கப் பார்த்தேன். அவருடைய பொடித் தையல் எனக்கு வரவில்லை.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் சிறி என்பவர் வெளிவாசலில் நின்றிருந்தார். "பெட்டி இல்லை" என்று மட்டும் சொல்லிக் கடந்துபோனேன்.

கல்யாண வீட்டில் மனோரமா வந்து பொதியை வாங்கினார். படிப்பித்து ஓய்வு பெற்றவர். தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஐயா, இதைத் திறந்தனீங்களோ?"

பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். தம்பியும் நின்றான்.

"ஓம்," என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மருமகனின் பெயரைச் சொல்லியிருக்கவேண்டும். தம்பி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

செய்தி எனக்கு முன்னரே சிட்னிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நான்கு தடவை விமானம் ஏறியிருக்கிறேன். யாரும் ஒரு பொதியும் கொண்டுவரவில்லை.