தலைவரைத் தாண்டிப் போக ஓர் எண்

உலகத் தமிழர்கள் அனைவரும் தயவுசெய்து ஒரு நிமிடம் எழுந்து நிற்கவும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு, ஈஸ்டர் முடிந்த கையோடு, உட்லண்ட்ஸ் தமிழ்க் கத்தோலிக்கர் நற்பணி மன்றம் மின்னணு யுகத்துக்குள் வலது காலை எடுத்து வைத்தது. தமிழ்ச் சங்கங்களிலேயே முதல் சங்கம். இதை மன்றத் தலைவர் திரு. மரியஅந்தோணி ஞாயிறு பூசை முடிந்ததும் ஆலயக் கூடத்தில் மைக்கைப் பிடித்து அறிவித்தார். மைக் வேலை செய்யவில்லை என்று மூன்று பேர் சைகை காட்டிய பிறகும் மைக்கிலேயே அறிவித்தார்.

விஷயம் இதுதான். ஊரில் அப்போது ஒரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியோடு ஒரு சின்னப் பெட்டி, பெட்டியோடு வீட்டு டெலிபோன் கம்பி. இணைத்துவிட்டு எண்ணை அழுத்தினால், நகரத்தில் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து பக்கம் பக்கமாகச் செய்தி வந்து திரையில் நிற்கும். பஸ் நேரம், வானிலை, சமையல் குறிப்பு. சங்கங்களும் தங்கள் பக்கங்களைத் தாங்களே தயாரித்துத் தரலாம், கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை என்று அழைப்பு வந்தது. அந்தக் கடைசி வரி நம்முடைய மன்றத்துக்கென்றே எழுதியது போலிருந்தது. கலந்துகொள்ளும் சங்கத்துக்கு ஒரு பெட்டி இலவசம். பத்திரமாக இருக்கட்டும் என்று தலைவர் அதைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மதலேனாவுக்கு யுகம் எதுவும் வேண்டாம். ஓர் அறை வேண்டும். மார்சிலிங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் அவள் சூப்பர்வைசர். புது மெஷின்கள் வந்துகொண்டிருந்தன. மெஷின் சொல்லும் நாலு வரி ஆங்கிலத்தைப் படிக்கத் தெரியாத பெண்களை வருடக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் அவளுடைய லைனில் இருப்பவர்கள். ஆலயத்தின் மாடி அறையில் அவர்களுக்கு வாசிப்பு வகுப்பு நடத்த ஃபாதரிடம் கேட்டிருந்தாள். இளைஞர் இசைக்குழுவும் அதே அறையைக் கேட்டிருந்தது. ஜூன் கடைசி ஞாயிற்றுக்குள் பத்துப் பெண்கள் பெயர் கொடுத்தால் அறை உனக்கு, இல்லாவிட்டால் ட்ரம்ஸுக்கு என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

ஆகவே பக்கம் தயாரிக்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். டைப் அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. பெட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்றபோது மட்டும் தலைவர் ஐந்து நிமிடம் தமிழின் தொன்மையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினார்.

திட்டமிடும் கூட்டம் கூடியது. அழைப்போடு வந்த கையேட்டில் முதல் கேள்வி: உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் எதைத் தேடி வருகிறார்?

"நம்மைத்தான்," என்றார் மரியஅந்தோணி.

மதலேனா கட்டம் போட்ட தாளில் முதல் பக்கத்தை வரைந்துகொண்டு வந்திருந்தாள். மன்றத்தின் பெயர், கீழே மூன்றே வரி. வாசிப்பு வகுப்புக்கு இந்த எண், இறப்பு உதவிக்கு இந்த எண், பூசை நேரத்துக்கு இந்த எண். தாள் மேசையைச் சுற்றி வந்தது. யாருடைய பெயரும் அதில் இல்லை என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். தலைவருடைய படம் எங்கே என்று செயலாளர் இயேசுதாசன் கேட்டார். அதற்குப் பிறகு கூட்டம் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனது. விழா அழைப்பிதழ் எப்படி அடிப்போமோ அப்படியே பக்கங்கள் அடுக்கப்பட்டன. முதல் பக்கம் தலைவர் படம். பிறகு இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, முன்னாள் தலைவர்கள், இந்நாள் செயற்குழு. எட்டாவது பக்கம் வகுப்பு. ஒன்பதாவது நன்றியுரை. யாருக்கு நன்றி என்று ஒருவர் கேட்டதற்கு, அதுவரை அழுத்திக்கொண்டு வந்தவருக்கு என்று இயேசுதாசன் விளக்கம் சொன்னார்.

மதலேனா எதிர்த்துப் பார்த்தாள். அடுக்கு எப்படியும் இருக்கட்டும், முதல் பக்கத்திலிருந்து நேரே எட்டுக்குப் போக ஓர் எண் மட்டும் கொடுக்கலாம் என்றாள்.

மரியஅந்தோணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மேடையில நான் உக்காந்திருக்கேன். ஒருத்தன் என்னைத் தாண்டி நேரா பந்திக்குப் போறான். அதுக்கு நாமளே வழி காட்டணும்ங்கிற?"

"பசிச்சவன் போவான் சார்."

"என்னைத் தாண்டிப் போக எண் கிடையாதும்மா. எழுதிக்கோ."

தொடர்புக்கு யார் என்ற கேள்வி விவாதமின்றி முடிந்தது. தலைவர் வீட்டு டெலிபோன் எண். மன்றத்தின் வழக்கம் அது. வகுப்புக்குப் பெயர் கொடுப்பதும் அங்கேதான், வேறெங்கும் கொடுத்தால் செல்லாது. சாவுச் செய்தியும் அங்கேதான் முதலில் போக வேண்டும்.

சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோ ஒன்றில், ஸ்டூடியோக்காரரின் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு தலைவர் படம் எடுத்துக்கொண்டார். பக்கங்களை ஒப்படைக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மதலேனா அரைநாள் விடுப்பு போட்டு, பஸ் மாறி நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பரிசோதனை நடத்தும் அலுவலகத்தில் விளக்கணைக்க ஆரம்பித்திருந்தார்கள். மிஸ் கோ என்ற அதிகாரி மட்டும் இருந்தாள். தாள்களைப் புரட்டினாள். வகுப்புப் பக்கத்துக்கு வர ஏழு முறை அழுத்த வேண்டும், மூன்றாவதிலேயே ஆள் போய்விடுவார், முதல் பக்கத்தில் நேர்வழி இல்லையா என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கையெழுத்து போட வேண்டியது மதலேனா, மன்றத்தின் பெயரில். நேர்வழியை அவளாக எழுதிப் பிடிபட்டால் வகுப்புக்கு மன்றத்தின் ஆதரவு போய்விடும். எழுதாவிட்டால் வகுப்பே இருக்காது. பேனாவை வாங்கி, தலைவர் படத்துக்குக் கீழே மிச்சமிருந்த ஒரே வரியில் எழுதினாள்: ஆங்கில வாசிப்பு வகுப்புக்கு 8 அழுத்தவும்.

உங்கள் கமிட்டி இதற்குச் சம்மதித்ததா என்று மிஸ் கோ கேட்டாள். கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினோம் என்றாள் மதலேனா. பேசினார்கள்தானே.

தொடக்க விழா கூடத்தில் நடந்தது. பெட்டியை இயேசுதாசன் நற்கருணைப் பேழை போலத் தூக்கி வந்தார். தலைவர் முதல் எண்ணை அழுத்தினார். எழுத்து முதலில் வரும், படம் பிறகு மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கும் என்று மிஸ் கோ விளக்கினாள். மன்றத்தின் பெயர் வந்தது. கடைசி வரியும் வந்தது. மதலேனா தரையைப் பார்த்தாள். நல்லவேளை, அதற்குள் தலைவரின் நெற்றி இறங்கத் தொடங்கிவிட்டது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அது பெரிய நெற்றி. புருவம் எப்போது வரும் என்று கூடமே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. கண் வந்தது. மூக்கு பாதி வந்தது. அப்போது மிஸ் கோ, பொதுமக்களில் ஒருவர் முயன்று பார்க்கலாமே என்றாள். முன்வரிசையில் இருந்த பிலோமினம்மாள் எழுந்து போய், திரையில் என்ன சொல்லியிருந்ததோ அதைச் செய்தாள். எட்டை அழுத்தினாள்.

தலைவர் மீசைக்கு மேலே நின்று, மறைந்தார்.

வகுப்புப் பக்கம் பளிச்சென்று வந்தது. யாரும் கைதட்டவில்லை.

"இது யார் வேலை?" மரியஅந்தோணியின் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போனது.

"நான்தான் சார்."

"என்னை மூக்கோட அறுத்துட்ட. சரி. ஜூன் கடைசியில பத்துப் பேர் வரலேன்னா, இனி அந்த அறையைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது."

பக்கத்தை உடனே மாற்றச் சொன்னார்கள். பரிசோதனை முடியும்வரை மாற்ற முடியாது என்றாள் மிஸ் கோ.

அடுத்த வாரம் மதலேனா ஃபேக்டரி வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து தலைவர் வீட்டுக்கு அடித்துப் பார்த்தாள். எங்கேஜ்டு. அவளுக்குச் சந்தோஷம். மறுநாளும் எங்கேஜ்டு. மூன்றாம் நாள் சந்தோஷம் தாங்காமல் நேரிலேயே போய், எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று கேட்டாள். ஒருத்தரும் கூப்பிடவில்லை என்றார் மரியஅந்தோணி. இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதும் அதே பதில், வாசலிலேயே, கதவைப் பாதி திறந்தபடி. லைனோ எப்போது அடித்தாலும் எங்கேஜ்டு. பெயர்களை அவர் மறைக்கிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. ராத்திரி தூக்கம் போயிற்று. ஃபேக்டரி லைனில் உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் கடைசி ஞாயிறு. கூடத்தில் ஃபாதர், செயற்குழு, தலைவரின் மனைவி அல்போன்சம்மாள். ட்ரம்ஸ் ஏற்கெனவே மாடிப்படிக்குக் கீழே வந்து இறங்கியிருந்தது. பெயர்கள் எங்கே என்று ஃபாதர் கேட்டார்.

"சார்கிட்ட இருக்கு," என்றாள் மதலேனா. "ஒரு மாசமா லைன் ஓயலை. ஒரு பேர்கூட என்கிட்ட வரலை. சார் மறைக்கிறார் ஃபாதர்."

மரியஅந்தோணி எழுந்து நின்றார். சிலுவை மேல் ஆணை, ஒருத்தரும் கூப்பிடவில்லை என்றார். முகம் வெளுத்திருந்தது. பொய் சொல்லும் முகமாக அது இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

அந்த நேரம் பார்த்து மிஸ் கோ நல்ல செய்தியோடு வந்தாள். கலந்துகொண்ட சங்கங்களிலேயே அதிகமாகப் பார்க்கப்பட்டது இந்த மன்றத்தின் பக்கம்தான் என்றாள். இயேசுதாசன் கைதட்டினார். தலைவருக்கு நிறம் திரும்பியது. முதல் பக்கத்தில் யார் படம் என்று அவர் நினைவூட்டத் தொடங்கினார்.

"எட்டை எத்தனை பேர் அழுத்தினாங்க?" என்றாள் மதலேனா.

விழாவன்று அழுத்தியதைத் தவிர யாரும் இல்லை. எல்லாரும் முதல் பக்கத்தையே திறந்து, முழுதாக வரும்வரை இருந்து, மறுபடி திறந்திருக்கிறார்கள். எல்லாரும் என்று சொல்வதும் சரியில்லை என்று மிஸ் கோ தயங்கினாள். ஒரே லைன்தான். எந்த வீடு என்று தான் சொல்லக் கூடாது என்றாள்.

"நம்ம வீடுதான் ஃபாதர்," என்றார் அல்போன்சம்மாள். "தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு அந்தப் பெட்டி முன்னால உக்காருவார். பகல்லயும் உண்டு. அது ஓடுனா போன் அடிக்காது லா. எங்க அக்காவுக்கு ஆபரேஷன்னு மூணு நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்."

மரியஅந்தோணி உட்கார்ந்தார். மீசை வரும்போது படம் கொஞ்சம் ஆடுகிறது, அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன் என்றார்.

ஃபாதர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அல்போன்சம்மாள் அன்று மாலையே தன் கையால் பெட்டியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சமையலுக்குத் திரும்புவதற்குள் போன் அடித்தது. புதன்கிழமைக்குள் பதினொரு பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். வகுப்புக்கு அறை கிடைத்தது.

எண் எங்கே கிடைத்தது என்று அல்போன்சம்மாள் ஒவ்வொருத்தியையும் கேட்டார். ஃபேக்டரி கேன்டீன் சுவரில், விழா முடிந்த வாரமே மதலேனா ஒட்டிய தாளில் என்றார்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி வீட்டிலும் அந்தப் பெட்டி இல்லை.