கைலிக் கடையில் பிறந்த கன்று

வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்களே, அதற்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் சிராங்கூன் சாலை காண்ட்ராக்டர் சடையப்பனைக் காட்டலாம். என் மாட்டுக்கொட்டில் பள்ளத்தில் கிடந்தது. மழைக்கு முன்னால் செம்மண் கொட்டித் தரையை உயர்த்தித் தருவதாக அவராகவே வந்து சொன்னார். நானும் மடச்சி, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். தாம்பூலம் கைமாறினால் எங்களுக்கு அது சத்தியம் மாதிரி. அதனால் வேறொரு வண்டிக்காரர் மண் அடித்துத் தர வந்தபோதும், "ஒருத்தருக்குச் சொல்லியாச்சு" என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

சடையப்பனைப் போய்க் கேட்டால், "நான் இருக்கேன்ல அன்னம்மா! நாளைக்கே வண்டி வந்துரும்லா" என்பார். தெருவில் பாதிப் பேரிடம் இப்படி வெற்றிலை வாங்கி மென்றவர் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. பாவி!

மண் வரவில்லை, மழை வந்தது. புதிதாக விட்ட டிராம் வண்டியே பாதி வழியில் நின்றுபோனது. கால்வாய் பொங்கிக் கொட்டிலுக்குள் புகுந்தது. புருஷன் போனபின் எனக்குச் சோறு போட்டவள் என் பசு லெச்சுமிதான். அவள் முட்டளவு தண்ணீரில் நின்றபடி கன்று ஈன முக்கிக்கொண்டிருந்தாள். விழுகிற கன்று தண்ணீரில்தான் விழும். கயிற்றைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன்.

எதிர்க் கைலிக் கடை நெய்னா முகம்மது வந்தார். ஈ மொய்க்கிறது, நாற்றம் தாங்கவில்லை என்று தினம் என்னோடு மல்லுக்கு நிற்கிற மனிதர். அவரை நான் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.

"கத்துறதை விட்டுட்டுப் பின்னாலேருந்து தள்ளு தங்கச்சி!" என்று கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார். அவர் இழுக்க, நான் தள்ள, லெச்சுமி படியேறினாள். எங்கே? அவருடைய கடைக்குள்ளே!

"அண்ணே, சரக்கெல்லாம் பாழாயிடும்."

"வாயை மூடு. தலை தெரியுது பாரு."

கன்று வழுக்கிக்கொண்டு அவர் மடியில் விழுந்தது. மூச்சில்லை. அலமாரியிலிருந்து புதுக் கைலி ஒன்றை உருவி மூக்கையும் வாயையும் துடைத்தார். இன்னொன்றை உருவி உடம்பெல்லாம் தேய்த்தார். வாய் ஓயாமல் என்னைத் திட்டிக்கொண்டேதான் தேய்த்தார். கன்று தும்மிற்று. நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

தண்ணீர் வடிந்ததும் சடையப்பன் வந்தார். "அடடா, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா ஓடி வந்திருப்பேனே!" என்றார். அவரை வாசலிலேயே விட்டுவிட்டுப் பால் கறக்க உட்கார்ந்தேன்.

சீம்பாலைக் காய்ச்சிச் செம்பில் எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனேன். கடை இன்னும் சாணி நாற்றம் நாறியது.

"உங்க புண்ணியந்தாண்ணே, நாங்க மூணு பேரும் உசுரோட இருக்கோம். முதல்ல உங்களுக்குத்தான் கொண்டாந்தேன்."

அவர் கை நீட்டவில்லை. முறைத்தார்.

"முதல்ல எனக்கா? அப்ப கன்னு?"

"வயிறு முட்டக் குடிச்சிட்டுத் தூங்குதுண்ணே."

அதைக் கேட்ட பிறகுதான் செம்பை வாங்கிக்கொண்டார்.